ஐ ஸ்கொயர் ஆரும் சுவத்துக்குள்ள எரிஞ்ச பல்பும்

டெல்லியில குளிர் வந்தாச்சு. பரண்லேர்ந்து ரஜாய் இறங்கியாச்சு, ஹீட்டரும் இறங்கியாச்சு. கூடவே நம்ம பையனுக்கு பத்தாம் வகுப்பு ப்ரீ-போர்டு பரீட்சையும் வந்தாச்சு. வீட்டுல இப்ப எது அதிகம் சூடுன்னு கேட்டா ஹீட்டரா, பையனா, தங்கமணியான்னு சொல்றது கொஞ்சம் கஷ்டம் :-)

போன ஞாயித்துக்கிழமை சயின்ஸ் புக்கோட வந்து நின்னான். அவன் பேசறது பாதி தமிழ், பாதி ஹிந்தி.

"அப்பா, இந்த சாப்டர்ல ஏதோ கட்பட் இருக்கு." (கட்பட்னா குளறுபடி.)

"என்னடா?"

"பவர்னா வி ஸ்கொயர் பை ஆர்னு போட்டிருக்கு. அப்படின்னா ரெசிஸ்டன்ஸ் குறைஞ்சா பவர் கூடும். அதே பக்கத்துல ஐ ஸ்கொயர் ஆர்னும் போட்டிருக்கு. அப்படின்னா ரெசிஸ்டன்ஸ் கூடினா பவர் கூடும். எது நிஜம்?"

நான் கணக்கு வழக்கு பாக்குற உத்தியோகம். பள்ளிக்கூடம் முழுக்க தமிழ் மீடியம். மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடைன்னு எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணி, ஓம் விதிக்கு முழு மார்க்கும் வாங்கினவன். இந்தக் கேள்வி மட்டும் எனக்கு அப்ப தோணவே இல்ல. "ரெண்டும் நிஜம்தான், போய்ப் படி"ன்னு வழக்கமான அப்பா பதிலைச் சொல்லப் போனவன், சட்டுனு நிறுத்திட்டேன். இந்தக் கேள்விக்கு பதில் எங்க வீட்டுச் சுவத்துல ஒரு தடவை கருகிப் போய் இருந்துச்சு. அப்ப இவனுக்கு வயசு ஒண்ணு. இவன் தூங்கிட்டிருந்த கட்டிலுக்கு நேர் மேலதான் அது.

கொசுவத்தியைச் சுத்திக்குங்க மக்கா. 2011 ஜனவரிக்குப் போவோம்.

அப்ப முனிர்காவுல ஒரு டி.டி.ஏ. ஃபிளாட்டுல வாடகைக்கு இருந்தோம். பழைய வீடு. வயரிங் எல்லாம் சுவத்துக்கு வெளியில மரப்பட்டைக்குள்ள ஓடும். ஸ்விட்ச் போர்டு மரம், மோட்டு வளைக்குப் பக்கத்துல வட்டமா ஒரு ஜங்ஷன் பெட்டி, அதுவும் மரம். எனக்கு அதெல்லாம் அழகாத்தான் தெரிஞ்சுது, எங்க ஊரு பழைய வீடு மாதிரி.

அந்த ஜனவரி குளிர்ல 2000 வாட் ஹீட்டர் ஒண்ணு வாங்கினேன். அதோட பிளக்கு பெரிசு, 15 ஆம்பியர். பெட்ரூம்ல இருந்ததோ சின்ன 5 ஆம்பியர் சாக்கெட். அதுக்கென்ன, நம்ம நாட்டுலதான் எல்லாத்துக்கும் கன்வெர்ட்டர் இருக்கே! தெருமுனைக் கடையில ஒண்ணு வாங்கி, பெரிய பிளக்கை சின்ன ஓட்டைக்குள்ள திணிச்சாச்சு.

2000-ஐ 230-ஆல வகுத்தா 8.7 ஆம்பியர். 5 ஆம்பியர்னு அச்சடிச்ச சாக்கெட்ல 8.7. இந்த வகுத்தல் கணக்கு எனக்குத் தெரியாததா? ஆபீஸ்ல கோடிக் கணக்கை வகுக்கிறவன் நான். வீட்டுல மட்டும் வகுக்கலை. அவ்வளவுதான்.

ஒரு வாரம் ஓடுச்சு. ஒரு நாள் ராத்திரி பன்னெண்டு மணி இருக்கும், தங்கமணி எழுப்பினாங்க. "ஏங்க, ஏதோ பொசுங்குற வாசனை வருது." எழுந்து பாத்தா கன்வெர்ட்டர் உருகி சாக்கெட்டோட ஒட்டிக்கிட்டிருக்கு. சாக்கெட் ஓட்டையைச் சுத்தி பழுப்பு. மெயினை அணைச்சுட்டு மூணு பேரும் ஒரே ரஜாய்க்குள்ள சுருண்டு படுத்தோம்.

காலையில வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். நல்ல மனுசர், ரிட்டையர்டு ஆளு. எதுக்கும் அவர்கிட்ட ஒரே மந்திரம்தான்: "குச் நஹி ஹோதா, பாய்சாப்." ஒண்ணும் ஆகாதுங்கறது அர்த்தம். ஒரு மிஸ்திரியை அனுப்பினார். அவர் பத்து நிமிஷத்துல பழைய சாக்கெட்டைக் கழட்டிட்டு புதுசா 15 ஆம்பியர் சாக்கெட் மாட்டினார். பின்னாடி வயரைத் தொடவே இல்ல. "எம்.சி.பி. விழலையே சாப், அப்புறம் என்ன?" அப்படின்னுட்டு போயிட்டார்.

எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுது. எம்.சி.பி.ங்கறதே அதுக்குத்தானே இருக்கு. தப்புன்னா விழுந்திருக்கும்ல?

ஆனா ஹீட்டர்ல முன்னே மாதிரி சூடில்ல. மட்டமான சரக்குன்னு ஹீட்டரைத் திட்டினேன். ராத்திரியில லேசா ஒரு வாசனையும் இருந்துக்கிட்டே இருந்துச்சு. பழைய சாக்கெட் கருகின வாசனை இன்னும் போகலைன்னு நினைச்சுக்கிட்டோம்.

அந்தச் சமயத்துலதான் பேரனைப் பாக்க எங்க அப்பா வந்தாங்க. திருக்குறள் எக்ஸ்பிரஸ், திருநெல்வேலியில ஏறினா நிஜாமுதீன்ல இறங்கலாம். மூடுபனி புண்ணியத்துல வண்டி ஏகப்பட்ட லேட். அப்பா மின்வாரியத்துல வயர்மேனா இருந்து ரிட்டையர் ஆனவங்க. எங்க போனாலும் மஞ்சப்பையில ஒரு டெஸ்டர், ஒரு கட்டிங் பிளேயர், ஒரு டாங் டெஸ்டர் இருக்கும். தெரியாதவங்களுக்கு: டாங் டெஸ்டர்னா இடுக்கி மாதிரி வாயைத் திறந்து வயரைக் கவ்வுற மீட்டர். வயரை வெட்டாம, தொடாம எத்தனை ஆம்பியர் போகுதுன்னு சொல்லிரும். ஒரே நிபந்தனை, ஒத்தை வயரைக் கவ்வணும். போற வயரையும் வர்ற வயரையும் சேர்த்துக் கவ்வினா ரெண்டும் ஒண்ணையொண்ணு கழிச்சுக்கிட்டு பூஜ்யம் காட்டும்.

வந்த அன்னைக்கு ராத்திரி. ஹீட்டர் ஓடிக்கிட்டிருக்கு. அப்பா ரூமுக்குள்ள வந்து மூக்கை உறிஞ்சினாங்க.

"ஏல, என்னலே வாசம் இது?"

"பழைய சாக்கெட் கருகிருச்சுப்பா. மாத்தியாச்சு."

அப்பா ஒண்ணும் சொல்லலை. ஸ்விட்சை அணைச்சு, பிளக்கை உருவி, புறங்கையால தொட்டுப் பாத்தாங்க. "பிளக்கு பரவால்ல." அப்புறம் மரப்பட்டை மேலயே புறங்கையை வச்சு மேல மேல போனாங்க. நாற்காலியைப் போட்டு ஏறி அந்த வட்டப் பெட்டி மேல கையை வச்சதும் கை அங்கேயே நின்னுச்சு.

"சுடுதுலே."

மறுநாள் காலையில கணக்கெடுப்பு. ஹீட்டரை ஓட விட்டாங்க. மெயின் போர்டுல வோல்ட்டேஜ் 222. பெட்ரூம் போர்டுல பக்கத்து சாக்கெட்ல வோல்ட்டேஜ் 210. டாங் டெஸ்டர்ல கரண்ட் 8 ஆம்பியர். மூணு நம்பரையும் பாக்கெட் டைரியில எழுதிட்டு என்னைப் பாத்தாங்க.

"நீ கணக்கு ஆபீஸ்லதானல வேல பாக்க? 222 புறப்பட்டுச்சு, 210 வந்து சேந்துச்சு. மிச்சம் 12 எங்கலே போச்சு?"

சத்தியமா சொல்றேன், ஓம் விதி எனக்குப் புரிஞ்சது அந்த நிமிஷம்தான். அதுவரைக்கும் அது பரீட்சைக்கான வரி. இப்ப அது என் தொழில். வரவுக்கும் செலவுக்கும் நடுவுல 12 வோல்ட் இடிக்குது. யாரோ எடுத்திருக்காங்க. யாருன்னு கண்டுபிடிக்கணும்.

12-ஐ 8-ஆல வகுத்தா 1.5 ஓம். மெயின் போர்டுக்கும் பெட்ரூமுக்கும் நடுவுல ஒன்றரை ஓம் மின்தடை இருக்கு. இதுல வயரோட நியாயமான பங்கு எவ்வளவு? அந்த வீட்டுல இருந்தது 1.5 சதுர மில்லிமீட்டர் அலுமினிய வயர். அதுக்கு ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 18 ஓம். தூரம் 15 மீட்டர், போக வர 30 மீட்டர். அரை ஓம் வயருக்குக் குடுத்துரலாம். பாக்கி ஒரு ஓம்?

"அதாம்ல மேல பெட்டிக்குள்ள உக்காந்திருக்கு," என்றார் அப்பா.

ஒரு ஓம்தானே, அதுல என்ன இருக்குன்னு தோணுதா? எனக்கும் தோணுச்சு. அப்பா டைரியில அடுத்த வரி போட்டாங்க. எட்டு எட்டு அறுபத்து நாலு. அறுபத்து நாலு இன்ட்டு ஒண்ணு, அறுபத்து நாலு வாட்.

"ஒரு அறுபது வாட் பல்பு, மரப்பெட்டிக்குள்ள, உன் பிள்ள தலைக்கு மேல எரிஞ்சிட்டு இருக்கு. ராத்திரி பூரா."

தங்கமணி ஒண்ணும் பேசலை. தொட்டில் புடவையை அவிழ்த்து, பையனைத் தூக்கிட்டு ஹாலுக்குப் போயிட்டாங்க.

மெயினை அணைச்சுட்டு பெட்டியைத் திறந்தோம். உள்ளே பழைய அலுமினிய வயர். அதோட முனையில ஒரு செப்பு வயரை முறுக்கி டேப் சுத்தியிருக்கு. எப்பவோ கூலருக்கு லைன் இழுத்தப்ப யாரோ போட்ட ஒட்டு. டேப் உருகி வழிஞ்சிருந்துச்சு. மரம் கரியா இருந்துச்சு. விரலால தேய்ச்சா கையில ஒட்டுது.

அலுமினியத்துக்கு ஒரு குணம். காத்து பட்டதும் மேல ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் கட்டிக்கும். அந்தப் படலம் கரண்டைக் கடத்தாது. போதாக்குறைக்கு அலுமினியம் அழுத்தத்துல மெதுவா நெளிஞ்சு குடுக்கும். சூட்டுல விரியும், ஆறினா சுருங்கும், ஒவ்வொரு தடவையும் முறுக்கு கொஞ்சம் தளரும். தளர்ந்தா மின்தடை கூடும், அது கூடினா சூடு கூடும், சூடு கூடினா ஆக்சைடு கூடும், இன்னும் தளரும். அசல் கட்டாத கடன்காரன் வட்டி மாதிரி.

இப்ப பையனோட கேள்விக்கு வருவோம். எது நிஜம்?

ரெண்டு சூத்திரமும் ஒரே ஆளோட ரெண்டு முகம்தான். பவர்னா வோல்ட்டேஜ் இன்ட்டு கரண்ட். அதுல வோல்ட்டேஜுக்கு பதிலா ஐ இன்ட்டு ஆர் போட்டா ஐ ஸ்கொயர் ஆர். கரண்டுக்கு பதிலா வி பை ஆர் போட்டா வி ஸ்கொயர் பை ஆர். கேக்க வேண்டிய கேள்வி: நீ ஆரை மாத்தும்போது எது மாறாம நிக்குது?

சுவத்து சாக்கெட்ல நேரா செருகுற சாமானுக்கெல்லாம் வோல்ட்டேஜ்தான் மாறாம நிக்குது. எல்லாத்துக்கும் 230. அங்கே வி ஸ்கொயர் பை ஆர் ராஜ்யம். 100 வாட் குண்டு பல்புக்கு எரியும்போது 529 ஓம். 2000 வாட் ஹீட்டருக்கு சுமார் 26 ஓம். மின்தடை கம்மியா இருக்கறவன்தான் அதிகம் இழுக்கறான், அதிகம் சூடாகறான். இன்னும் குறைச்சு, ரெண்டு வயரும் ஒட்டிக்கிச்சுன்னா, ஒரு அரை ஓம்னு வச்சுக்குங்க, 460 ஆம்பியர் பாயும். ஷார்ட் சர்க்யூட். எம்.சி.பி. 'டப்'னு விழும்.

ஆனா வயர்ல இருக்கற ஒட்டு தனியா இல்ல. ஹீட்டருக்கு முன்னால, அதே பாதையில, வரிசையில நிக்குது. அந்தப் பாதையில எத்தனை ஆம்பியர் போகணும்னு முடிவு பண்றது 26 ஓம் ஹீட்டர்தான். ஒட்டு அரை ஓமா, ஒரு ஓமாங்கறதால அந்த எட்டு ஆம்பியர் பெரிசா மாறாது. இங்கே மாறாம நிக்கறது கரண்ட். அதனால ஐ ஸ்கொயர் ஆர். ஒட்டோட மின்தடை 0.01 ஓமா இருந்தா முக்கால் வாட்கூட வராது, யாருக்கும் தெரியாது. ஒரு ஓம் ஆனா 64 வாட்.

ஹீட்டர்ல 1680 வாட் சூடு வருதே, அதைவிட இது கம்மிதானேன்னு பையன் கேட்டான். நல்ல கேள்வி. ஹீட்டர் அந்தச் சூட்டை வெளியே தள்ளறதுக்குன்னே செஞ்ச சாமான். நீளமா கம்பி, பின்னாடி தகடு, சுத்தி காத்து. ஒட்டு பட்டாணி அளவு. சுத்தி டேப்பு, அதைச் சுத்தி வருஷக்கணக்கா காஞ்ச மரம். 64 வாட்டுக்குப் போக இடமில்ல.

இப்ப எம்.சி.பி. ஏன் விழலைன்னு புரியுதா? அது எண்ணறது ஆம்பியரை மட்டும்தான். அதுக்குத் தெரிஞ்சு போனது எட்டு. அதோட எல்லை 16. ஒட்டு கருகக் கருக மின்தடை கூடி கரண்ட் இன்னும் ஒரு இம்மி குறையத்தான் செய்யும். எம்.சி.பி. கண்ணுக்கு எல்லாம் சுபம். ஷார்ட் ஆனா அது காப்பாத்தும், ஓவர்லோடு ஆனா காப்பாத்தும். தளர்ந்த ஒட்டுக்கு அது காவல் இல்ல. அது விழலைங்கறதை வச்சு "ஒண்ணும் இல்ல"ன்னு நானும் மிஸ்திரியும் முடிவு பண்ணினதுதான் தப்பு.

மட்டமான சரக்குன்னு ஹீட்டரைத் திட்டினேன்ல, அதுக்கும் இதான் விடை. 230-க்கு 2000 வாட். 210-க்கு 210 இன்ட்டு 8, அதான் 1680. குறைஞ்ச 320 வாட் ஹீட்டரோட குத்தம் இல்ல.

ஒரு சின்ன சரித்திரம். ஓம்ங்கறவர் ஜெர்மனியில கொலோன் நகரத்துப் பள்ளிக்கூட வாத்தியார். 1827-ல புத்தகம் போட்டார். சொந்த ஊருல ரொம்ப பேர் கண்டுக்கலை. 1841-லதான் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் குடுத்துது. அதே 1841-ல இங்கிலாந்துல, பீர் காய்ச்சுற குடும்பத்துல பிறந்த ஜூல், கம்பியில வர்ற சூடு கரண்டோட ஸ்கொயருக்கும் மின்தடைக்கும் ஏத்த மாதிரி இருக்குன்னு அளந்து அச்சுல கொண்டு வந்தார். ரெண்டு பேரும் கம்பி மேல மீட்டரை வச்சு நாள்கணக்கா அளந்தவங்க. எங்கப்பா சாதி :-)

சரி, வீட்டுக்காரர் கதைக்கு வருவோம். கருகின பெட்டியைக் காமிச்சேன். "குச் நஹி ஹோதா, டேப் மாத்திக்கலாம்." மாசம் இத்தனை யூனிட் வீணாகுதுன்னு சொன்னேன். பில்லு கட்டறது நான், அவருக்கென்ன? 12 வோல்ட், ஒன்றரை ஓம்னு டைரியைக் காமிச்சேன். பெருந்தன்மையா சிரிச்சார்.

அப்பாவுக்கு ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. என்னைத் தள்ளிட்டு, ஒரு ஹோல்டர்ல 60 வாட் குண்டு பல்பை மாட்டி, எரிய விட்டு, மேஜையில வச்சாங்க. டீ வந்துச்சு. குடிச்சோம். அஞ்சு நிமிஷம் ஆனதும் அப்பா பல்பைக் காமிச்சு, தொடுங்கன்னு சைகை பண்ணினாங்க. வீட்டுக்காரர் விரலைக் கொண்டு போனவர், தொடறதுக்கு முன்னாடியே இழுத்துக்கிட்டார். அப்பா மேல அந்தக் கரிப்பெட்டியைக் காமிச்சாங்க. அப்புறம் ஹால்ல தவழ்ந்துக்கிட்டிருந்த பேரனைக் காமிச்சாங்க.

மொழிபெயர்க்க எனக்கு வேலையே இல்ல. வீட்டுக்காரர் எழுந்து போய் மிஸ்திரிக்கு போன் பண்ணினார். வயர் என் செலவு, கூலி அவர் செலவு.

அந்தப் பல்பு ஆறினதும் நான் ஒரு வேலை பண்ணினேன். மல்டிமீட்டரை வச்சு அதோட மின்தடையை அளந்தேன். கணக்குப்படி 230-ஐ ஸ்கொயர் பண்ணி 60-ஆல வகுத்தா 882 ஓம் வரணும். மீட்டர் 65-ஐ ஒட்டிக் காட்டுச்சு. மீட்டர் கெட்டுப் போச்சுன்னு அப்பாகிட்ட சொன்னேன்.

"மீட்டரு சரியாத்தாம்ல இருக்கு. பல்பு தூங்கும்போது ஒரு கத, எரியும்போது ஒரு கத. ஓட விட்டுத்தாம்ல அளக்கணும்."

டங்ஸ்டன் இழை இரண்டாயிரம் டிகிரிக்கு மேல சூடாகும்போது மின்தடை பத்துப் பன்னெண்டு மடங்குக்கு மேல ஏறிரும். அதனாலதான் வோல்ட்டேஜையும் கரண்டையும் வேலை நடக்கும்போதே அளந்து, வகுத்து மின்தடையைக் கண்டுபிடிக்கணும். ஒட்டுக்கும் இதே நியாயம். கரண்டை அணைச்சுட்டு சாதா மல்டிமீட்டர் வச்சா ஒரு ஓமுக்குக் கீழே அது காட்டறதை நம்ப முடியாது, மீட்டர் வயரோட தடையே அதுல கலந்துரும். எட்டு ஆம்பியர் ஓடும்போது 12 வோல்ட் விழுதுன்னா, அது பொய் சொல்லாது.

மறுநாள் ரெண்டு பேரும் சாந்தினி சௌக் போனோம். அங்கே பகீரத் பேலஸ்னு ஒரு இடம். பேகம் சம்ருவோட மாளிகையா இருந்தது, பிறகு வயரும் ஸ்விட்சும் பல்பும் விக்கிற மொத்தச் சந்தை ஆயிருச்சு. (2022 நவம்பர்ல அங்கே பெரிய தீவிபத்து நடந்து நாள்கணக்கா எரிஞ்சதைப் படிச்சிருப்பீங்க.) அப்பா அந்தக் கடைகளைப் பாத்த பார்வை, நம்ம ஆளுங்க தி.நகர்ல புடவை பாக்கற பார்வை. 4 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் ஒரு காயில் வாங்கினோம். அதுக்கு கிலோமீட்டருக்கு அஞ்சு ஓம்கூட கிடையாது. 30 மீட்டருக்கு 0.14 ஓம். எம்.சி.பி.லேர்ந்து சாக்கெட் வரைக்கும் ஒரே நீளமா, நடுவுல ஒட்டே இல்லாம இழுத்தாங்க. மறுபடி அளந்தப்ப மெயின்ல 222, சாக்கெட்ல 221-க்கு ஒரு இம்மி கீழே. கணக்கு டேலி ஆயிருச்சு.

ஊருக்குத் திரும்பறதுக்கு முன்னாடி அப்பாவை மலை மந்திருக்குக் கூட்டிட்டுப் போனேன். சாமி கும்பிட்டு இறங்கும்போது கேட்டாங்க, "அந்த சினிமா கொட்டகை எங்கலே இருக்கு? தீப்பிடிச்சதே."

உப்ஹார். கிரீன் பார்க்ல இருக்கு. 1997 ஜூன் 13, 'பார்டர்' படம், மத்தியானக் காட்சி. 59 பேர் இறந்து போனாங்க. பெரும்பாலும் பால்கனியில மூச்சு முட்டி. கூடுதல் நாற்காலி போட்டு வழியை அடைச்சது, பூட்டின கதவுன்னு அந்தச் சாவுகளுக்குப் பல காரணம் வெளியே வந்துச்சு. ஆனா நெருப்பு எங்கே ஆரம்பிச்சுது? கட்டிடத்தோட கீழ்த்தளத்துல, அப்போதைய டெல்லி வித்யுத் போர்டோட 1000 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர்ல. அன்னைக்குக் காலையில அதுல சின்னதா தீப்பிடிச்சு ரிப்பேர் பண்ணியிருந்தாங்க. கேபிள் முனையில மாட்டுற லக்கை கிரிம்பிங் மெஷின் வச்சு அழுத்தாம, சுத்தியலால அடிச்சு மாட்டினாங்கன்னு கோர்ட்ல விவரம் வந்துச்சு. சாயங்காலம் அந்தத் தளர்ந்த கேபிள் கழண்டு டிரான்ஸ்ஃபார்மர் மேல பட்டு, ஓட்டை விழுந்து, எண்ணெய் கொட்டி எரிஞ்சுது.

ஆட்டோவுல போய் இறங்கினோம். எதிர்ல இறந்தவங்களுக்காக ஸ்ம்ருதி உபவன்னு ஒரு சின்னப் பூங்கா இருக்கு. அப்பா அங்கே ரொம்ப நேரம் நின்னாங்க. வாழ்நாள் முழுக்க லக்கு அழுத்தின கை அது.

வீட்டுக்கு வந்து நான் ஒரு கணக்கு போட்டுப் பாத்தேன். 1000 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர், கீழ்ப்பக்கம் 433 வோல்ட், முழு லோடுல ஒவ்வொரு ஃபேஸ்லயும் சுமார் 1300 ஆம்பியர். நம்ம வீட்டுல ஒரு ஓமுக்கு 64 வாட். அங்கே அத்தனை கரண்ட் ஓடினா, ஒரு ஓமை ஆயிரமா கூறு போட்டு அதுல ஒரே ஒரு கூறு தடை இருந்தாலே 1690 வாட். கிட்டத்தட்ட ஒரு கீசரோட சூடு ஒரு லக்குக்குள்ள. அன்னைக்கு நிஜமா எவ்வளவு கரண்ட் ஓடுச்சோ, இது வெறும் கணக்குதான். ஆனா கரண்டுக்குத்தான் ஸ்கொயர் இருக்கு, கவனிச்சீங்களா? கரண்ட் ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்கு. பெரிய கரண்ட் ஓடற இடத்துல சின்ன அசட்டைன்னு ஒண்ணு கிடையாது.

அப்பா போய் ஆறு வருஷமாச்சு. டாங் டெஸ்டர் எங்கிட்டதான் இருக்கு. பையன் கேள்வி கேட்டதும் அதையும் அந்தப் பாக்கெட் டைரியையும் எடுத்துக் குடுத்தேன். 222, 210, 8. மூணு நம்பரையும் பாத்துட்டு அவனே 12 எழுதினான், 1.5 எழுதினான், 96 எழுதினான். "இதுல வயர் எவ்வளவு, ஒட்டு எவ்வளவு?"ன்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சு 32, 64-ன்னு பிரிச்சான். ப்ரீ-போர்டுல மார்க் எப்படி வருமோ, இந்த ஒரு கேள்வியில என்கிட்ட முழு மார்க்.

நீங்களும் குளிர்ல இருக்கறவங்கன்னா ஒரு வேலை பண்ணுங்க. ஹீட்டரோ கீசரோ அரை மணி நேரம் ஓடினதும், ஸ்விட்சை அணைச்சு, பிளக்கை உருவி, புறங்கையால தொட்டுப் பாருங்க. வெதுவெதுன்னு இருந்தா கவனிங்க, சுட்டா விடாதீங்க. சாக்கெட் பழுப்பு ஆனாலோ, மீன் வாசம் மாதிரி, பொசுங்கின மாதிரி வாசனை வந்தாலோ மெயினை அணைச்சு ஆளைக் கூப்பிடுங்க. ஓடற கரண்ட்ல மீட்டர் வைக்கறதெல்லாம் பழகினவங்க வேலை, படிச்சுட்டு கிளம்பிராதீங்க. 15 ஆம்பியர் பிளக்குக்கு கன்வெர்ட்டர் போட்டு 5 ஆம்பியர்ல செருகியிருந்தா இப்பவே எழுந்து போய் உருவுங்க. மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

மிச்சம்னு ஒண்ணும் இல்ல. தங்கமணி உள்ளேர்ந்து குரல் குடுக்கறாங்க: "ஏங்க, ஊருக்கெல்லாம் உபதேசம் எழுதினது போதும். கீசரைப் போட்டு ஒரு மணி நேரமாச்சு. குளிக்கப் போறீங்களா, இல்ல அணைக்கட்டுமா?"

வர்றேன் மக்கா :-)